கிணற்றுப் பதிவு: ஒரு சாண் துளைக்குள்ளிருந்து பாறையை அறிவது எப்படி?

எண்ணெய், இயற்கை எரிவாயு, புவிவெப்பம் ஆகியவற்றைத் தேடிப் பல கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிடும்போது, அந்தத் துளையின் அடிப்பகுதி பெரும்பாலும் ஒரு சாண் அகலம்தான் இருக்கும். துளையிடும்போது வெட்டுப்பட்ட பாறைத் துகள்கள், குழாய் வழியே உள்ளே செலுத்தப்பட்டுத் திரும்பி வரும் சேற்றுக் குழம்போடு மேலே வருகின்றன என்பது உண்மையே. ஆனால் அவை பல மணி நேரம் பயணம் செய்து, வழியில் மற்ற ஆழங்களின் துகள்களோடு கலந்து வருவதால், எந்தத் துகள் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று துல்லியமாகச் சொல்வது கடினம். உருளை வடிவில் பாறையை முழுதாக அறுத்தெடுப்பது நம்பகமான வழி. எனினும் செலவும் நேரமும் மிகுதியாகப் பிடிப்பதால் கிணறு முழுவதற்கும் அதைச் செய்ய இயலாது. ஆகவேதான் அளவுக் கருவிகளைத் துளைக்குள் இறக்கி, அவற்றை மெதுவாக மேலே இழுத்தபடி, ஒவ்வோர் ஆழத்திலும் பாறையின் இயற்பியல் பண்புகளைப் பதிவு செய்யும் முறை உருவாயிற்று. இதுவே கிணற்றுப் பதிவு. களத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘லாக்’ என்பார்கள். ஆழம் மேலிருந்து கீழாகவும், அளவுகள் அதன் பக்கத்தில் நெளியும் கோடுகளாகவும் அமைந்த ஒரு நீண்ட தாள்தான் அதன் விளைபொருள்.

இத்துறையைப் புதிதாக அணுகுபவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: எண்ணெயை நேரடியாகக் கண்டு, ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்லும் கருவி எதுவும் இல்லை. கருவிகள் அளப்பது மின்தடை, அடர்த்தி, ஒலியின் வேகம், இயற்கைக் கதிரியக்கம், ஹைட்ரஜனின் அளவு போன்றவற்றையே; எண்ணெய் என்பது அந்த எண்களிலிருந்து நாம் வந்தடையும் முடிவு. இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. துளையிடும் செயலே, நாம் அளக்க விரும்பும் பாறையை மாற்றிவிடுகிறது: சேற்றின் நீர் பாறைக்குள் புகுகிறது, பாறை குளிர்கிறது, துளையின் சுவர் சிதைகிறது. கடந்த நூறாண்டுகளில் இத்துறையில் நிகழ்ந்த முன்னேற்றங்களில் பெரும்பாலானவை இவ்விரு சிக்கல்களில் ஏதேனும் ஒன்றுக்கு விடை தேடியவை என்பதே என் கருத்து.

அளவுகளுக்குள் போகுமுன், எதைத் தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். நிலத்தடியில் எண்ணெய் ஏரியைப் போலத் தேங்கி நிற்பதில்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் பருக்கைகளுக்கிடையே உள்ள நுண்துளைகளில் அது தங்கியிருக்கிறது. அதே நுண்துளைகளில் உப்புநீரும் இருக்கிறது. பல இடங்களில் உப்புநீர் மட்டுமே இருக்கிறது. எனவே கேள்விகள் மூன்று: பாறையின் கன அளவில் எத்தனை பங்கு நுண்துளை, அந்த நுண்துளையில் எத்தனை பங்கு நீர், உள்ளே இருப்பது வெளியே ஓடிவரும் அளவுக்கு அத்துளைகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா?

இவற்றில் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் இத்துறை பிறந்தது. 1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள பெஷல்பிரான் எண்ணெய் வயலில், கோன்ராட், மார்செல் ஷ்லம்பர்ஜே சகோதரர்களுக்காக ஆன்ரி டோல் என்ற இளம் பொறியாளரின் குழு, மின்முனைகளைத் துளைக்குள் இறக்கி, ஏறத்தாழ ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை நிறுத்தி, பாறையின் மின்தடையை அளந்து, கையாலேயே வரைபடமாகக் குறித்தது. அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் எளியது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எண்ணெயும் எரிவாயுவும் கடத்தா. பாறையின் கனிமப் பருக்கைகளும் ஏறக்குறைய கடத்தாதவையே. ஆகவே நுண்துளைகளில் நீர் நிறைந்த பாறை குறைந்த மின்தடையையும், எண்ணெய் நிறைந்த பாறை மிகுந்த மின்தடையையும் காட்ட வேண்டும்.

ஆனால் நுண்துளையே இல்லாத இறுகிய பாறையும் மிகுந்த மின்தடையைக் காட்டும். அப்படியானால் எவ்வளவு தடை இருந்தால் எண்ணெய் என்று கொள்வது? இதற்கு எண்ணால் விடை தந்தவர் ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிய கஸ் ஆர்ச்சி. 1942-இல் வெளியான அவரது கட்டுரை, மணற்கல் மாதிரிகளில் செய்த அளவுகளிலிருந்து ஓர் எளிய தொடர்பை முன்வைத்தது. அதன் வழக்கமான வடிவத்தை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். பாறையின் நுண்துளைப் பங்கு 0.2 எனவும், அதிலுள்ள உப்புநீரின் தடையளவு 0.05 ஓம்-மீட்டர் எனவும் கொள்வோம். 0.2-இன் வர்க்கம் 0.04, 0.05-ஐ அதனால் வகுத்தால் 1.25. அதாவது, நுண்துளைகள் முழுதும் நீரால் நிறைந்திருந்தால் அந்தப் பாறை 1.25 ஓம்-மீட்டர் காட்ட வேண்டும். கருவியோ 20 ஓம்-மீட்டர் காட்டுகிறது. 1.25-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.25 வருகிறது. நுண்துளையில் நீர் கால் பங்கு; மீதமுள்ள முக்கால் பங்கில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறது.

இந்தக் கணக்கு எளிமையானது என்பதாலேயே ஆபத்தானதும்கூட. நிலத்தடி நீரின் தடையளவை 0.05-க்கு மாறாக 0.1 எனக் கொண்டால், நீரின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாக உயர்ந்துவிடும்; கருவி காட்டிய அளவில் எந்த மாற்றமும் இல்லை, நாம் கொண்ட ஊகம் மட்டுமே மாறியிருக்கிறது. களிமண் கலந்த பாறைகளில் களிமண்ணும் ஓரளவு மின்சாரத்தைக் கடத்துவதால் ஆர்ச்சியின் தொடர்பு அப்படியே பொருந்துவதில்லை. அதற்கெனப் பல திருத்தங்கள் பின்னர் வந்தன. இருந்தும் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கணக்கின் நடுநாயகமாக இருப்பது ஆர்ச்சியின் தொடர்புதான்.

அந்தக் கணக்குக்கு நுண்துளைப் பங்கு தேவை. அதை யார் தருவார்? இங்கேதான் அணு இயற்பியல் நுழைகிறது. அடர்த்திக் கருவியில் சீசியம்-137 போன்ற ஒரு காமாக் கதிர் மூலம் இருக்கும். அதிலிருந்து புறப்படும் கதிர்கள் பாறையின் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறி, சற்றுத் தள்ளியுள்ள உணரிகளை வந்தடைகின்றன. பாறை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குறைவாகக் கதிர்கள் வந்துசேரும். மணற்கல்லின் பருக்கையான குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், நீரினுடையது ஏறத்தாழ 1. கருவி 2.32 என்று காட்டினால், 2.65-க்கும் 2.32-க்கும் உள்ள வேறுபாடான 0.33-ஐ, 2.65-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாடான 1.65-ஆல் வகுக்க, நுண்துளைப் பங்கு 20 விழுக்காடு என்று கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாறை மணற்கல்லாக இல்லாமல், 2.71 அடர்த்தியுள்ள கால்சைட்டால் ஆன சுண்ணாம்புக்கல்லாக இருந்தால், அதே 2.32 என்ற அளவு ஏறக்குறைய 23 விழுக்காட்டைக் குறிக்கும். எண் ஒன்றுதான், பாறை என்ன என்று தெரியாமல் அதற்குப் பொருள் இல்லை.

எனவே இன்னொரு சாட்சி வேண்டும். நியூட்ரான் கருவி, வேகமான நியூட்ரான்களைப் பாறைக்குள் செலுத்தி, அவை எவ்வளவு விரைவில் வேகமிழக்கின்றன என்று பார்க்கிறது. கேரம் பலகையில் ஒரு காய் தன் எடையே உள்ள இன்னொரு காயை நேராக அடித்தால் தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பலகையின் கனமான சட்டத்தில் மோதினாலோ வேகம் பெரிதும் குறையாமல் திரும்பி வரும். அதேபோல், தன் நிறையை ஏறக்குறைய ஒத்த ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதும்போதுதான் நியூட்ரான் மிகுதியாக வேகமிழக்கிறது; சிலிக்கன், ஆக்சிஜன் போன்ற கனமான அணுக்கருக்களில் மோதும்போது அவ்வளவாக இழப்பதில்லை. பாறையில் ஹைட்ரஜன் பெரும்பாலும் நுண்துளையிலுள்ள நீரிலும் எண்ணெயிலும்தான் இருக்கிறது என்பதால், ஹைட்ரஜனை அளப்பது நுண்துளையை அளப்பதாகவே ஆகிறது. இம்முறையை 1941-இல் விவரித்தவர் புருனோ பொண்டெகோர்வோ. பிற்காலத்தில் நியூட்ரினோ ஆய்வுக்காகப் புகழ்பெற்ற அதே இயற்பியலாளர், அப்போது அமெரிக்காவின் டல்சா நகரில் ஒரு கிணற்றுப் பதிவு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடர்த்தி, நியூட்ரான் ஆகிய இரு கருவிகளும் ஒரே விடையைத் தந்தால் நல்லது. ஆனால் அவை முரண்படும்போதுதான் நமக்கு அதிகம் தெரியவருகிறது. நுண்துளையில் எரிவாயு இருந்தால், அது நீரைவிட மிக இலேசானது என்பதால் அடர்த்திக் கருவி நுண்துளையை உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். அதே எரிவாயுவில், சம கன அளவுள்ள நீரைக் காட்டிலும் ஹைட்ரஜன் குறைவு என்பதால் நியூட்ரான் கருவி நுண்துளையைக் குறைத்துக் காட்டும். தாளில் இரு கோடுகளும் ஒன்றையொன்று கடந்து விலகி நிற்கும். அனுபவமுள்ளவர் கண்ணுக்கு அந்த இடைவெளி தூரத்திலிருந்தே எரிவாயுவின் அடையாளமாகத் தெரியும். களிப்பாறையில் இதற்கு நேர்மாறு: களிமண்ணோடு ஒட்டியிருக்கும் நீரின் ஹைட்ரஜனால் நியூட்ரான் கருவி பெரிய அளவைக் காட்ட, கோடுகள் மறுதிசையில் விலகும். இரு கருவிகளும் தனித்தனியே செய்யும் ‘பிழை’யே சேர்த்துப் பார்க்கும்போது செய்தியாகிறது.

களிப்பாறை எது, மணற்கல் எது என்று பிரித்துக்காட்டும் வேலையை முதன்மையாகச் செய்வது இயற்கைக் காமாக் கதிர்ப் பதிவு. களிப்பாறைகளில் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் மிகுந்திருப்பதால் அளவு உயர்ந்தும், தூய மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் தாழ்ந்தும் இருக்கும். ஆனால் பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ஸ்பார் கலந்த மணற்கல் களிப்பாறையைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும். கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்து மூன்று தனிமங்களையும் தனித்தனியே அளந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

இனி, துளையிடுவதே பாறையை மாற்றிவிடுகிறது என்ற சிக்கலுக்கு வருவோம். துளைக்குள் இருக்கும் சேற்றின் அழுத்தம், பாறையின் நீர்மங்கள் பீறிட்டு வெளியேறாதபடி, அவற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே வைக்கப்படுகிறது. அதன் விளைவாகச் சேற்றின் நீர் பாறைக்குள் ஊடுருவி, துளையைச் சுற்றியுள்ள எண்ணெயையும் உப்புநீரையும் அப்பால் தள்ளிவிடுகிறது. சுவரை ஒட்டிய பகுதியை மட்டும் அளப்பவருக்குப் பாறை தெரிவதில்லை, தான் ஊற்றிய சேற்று நீரே தெரிகிறது. ஆகவே ஒரே ஆழத்தில் சில சென்டிமீட்டர் முதல் இரண்டு மூன்று மீட்டர் வரை பல தொலைவுகளை எட்டும் தடையளவுகள் ஒருசேர எடுக்கப்படுகின்றன. அவை ஒன்றையொன்று விட்டு விலகினால் சேற்று நீர் புகுந்திருக்கிறது என்றும், அதனாலேயே அந்தப் பாறை நீர்மத்தை உள்ளே விடக்கூடியது என்றும் அறியலாம்.

இதைவிட நேரடியான தீர்வு, சேற்று நீர் ஆழமாகப் புகுமுன்பே அளந்துவிடுவதுதான். 1970-களின் இறுதியில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்து, 1980-களில் விரிவடைந்த உத்தியில், அளவுக் கருவிகள் துளையிடும் முனைக்குச் சற்று மேலே, குழாய்த் தொடரின் கனமான சுவருக்குள்ளேயே பொருத்தப்பட்டன. பாறை வெட்டுப்பட்ட சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ அதன் பண்புகள் அளக்கப்பட்டுவிடும். அதை மேலே அனுப்புவது எப்படி என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. சுழலும் குழாயினூடே மின்கம்பி செலுத்த முடியாது. கீழே ஒரு வால்வு திறந்து மூடி, குழாய்க்குள் ஓடும் சேற்றில் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்க, மேலே ஓர் உணரி அவற்றை எண்களாகப் படிக்கிறது. இவ்வழியில் வினாடிக்குச் சில பிட்டுகள் முதல் சில பத்துப் பிட்டுகள் வரையே அனுப்ப இயலும். ஆகையால் முக்கியமான எண்கள் மட்டும் உடனுக்குடன் வருகின்றன, மற்றவை கருவியின் நினைவகத்தில் தங்கி, குழாய் வெளியே வந்தபின் இறக்கப்படுகின்றன. குழாயின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கம்பி பதித்த வகை, வினாடிக்கு 57,600 பிட்டுகள் வரை கடத்தியது. எனினும் விலை காரணமாக அது பரவலாகவில்லை.

உடனுக்குடன் அளவு கிடைத்ததால் பார்ப்பது மட்டுமல்ல, திருப்புவதும் கைகூடிற்று. இன்று பல கிணறுகள் குறிப்பிட்ட ஆழம் வரை இறங்கி, பின் கிடைமட்டமாக வளைந்து, சில மீட்டர் தடிமனே உள்ள ஓர் எண்ணெய் அடுக்குக்குள்ளேயே ஓரிரு கிலோமீட்டர் செல்கின்றன. அடுக்கு மேலோ கீழோ சாய்ந்தால் துளை வெளியே போய்விடும். திசையை உணரும் மின்காந்த அலைக் கருவிகள் 2000-களின் நடுவில் சில மீட்டர் தொலைவிலுள்ள அடுக்கெல்லைகளையும், அடுத்த பத்தாண்டுகளில் முப்பது மீட்டருக்கும் அப்பாலுள்ளவற்றையும் உணரத் தொடங்கின. கணினி அந்த அளவுகளிலிருந்து அடுக்குகளின் படத்தை வரைந்து திரையில் காட்டும். அந்த வண்ணப்படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்: ஒரே அளவுத் தொகுப்புக்குப் பொருந்தும் நிலத்தடி அமைப்புகள் பல உண்டு; திரையில் தெரிவது அவற்றுள் கணினி தேர்ந்த ஒன்று.

அளவு மறைமுகமானது என்ற சிக்கலின் முழு வீச்சையும் காண மென்படல அடுக்குகளைப் பார்க்க வேண்டும். சில சென்டிமீட்டர் தடிமனுள்ள எண்ணெய் மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்ட ஒரு பகுதியை எண்ணிக்கொள்ளுங்கள். மணற்கல்லின் தடை 20 ஓம்-மீட்டர், களிப்பாறையினுடையது 1 ஓம்-மீட்டர், இரண்டும் சரிபாதி. சுருளின் காந்தப்புலத்தால் பாறையில் மின்னோட்டத்தை எழுப்பித் தடையை அளக்கும் வழக்கமான தூண்டல் கருவி, நேர்க்குத்தான கிணற்றில், அந்த மின்னோட்டத்தைக் கிடைமட்டமாகச் சுழலச் செய்கிறது. மின்னோட்டம் எளிதாகக் கடத்தும் களிப்பாறைகளினூடே பெரும்பாலும் ஓடிவிட, கருவி 1.9 ஓம்-மீட்டர் என்றே காட்டும். பாதி அடுக்குகளில் எண்ணெய் நிறைந்த அந்தப் பகுதி, உப்புநீர்ப் பாறையாகவோ களிப்பாறையாகவோ தோன்றிக் கைவிடப்படும். மணற்கல்லின் பங்கு தெரிந்தால் 1.9-லிருந்து அதன் தடையைத் திருப்பிக் கணக்கிடலாம் என்று தோன்றும். ஆனால் அளவு 1.9-க்குப் பதில் 1.85 என்று இருந்துவிட்டால், விடை ஏறத்தாழ 19-லிருந்து 12-க்குச் சரிந்துவிடும். இவ்வளவு சிறிய பிழைக்கு இவ்வளவு ஆடும் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது.

2000-களின் தொடக்கத்தில் வந்த மும்முகத் தூண்டல் கருவி, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் சுருள்களை அமைத்து, மின்னோட்டம் அடுக்குகளைக் குறுக்கே கடக்கும்போது எதிர்கொள்ளும் தடையையும் அளந்தது. குறுக்குத் திசையில் தடைகள் தொடராகக் கூடுவதால் அதே பாறை 10.5 ஓம்-மீட்டர் காட்டும். இந்த எண்ணிலிருந்து மணற்கல்லின் தடையைக் கணக்கிட்டால் 20 என்று வருகிறது. அளவில் சிறு பிழை இருந்தாலும் விடை பெரிதாக ஆடுவதில்லை. பாறையில் எந்த மாற்றமும் இல்லை, கேள்வியை வேறு திசையிலிருந்து கேட்டதுதான் மாற்றம். ‘மேலும் தரவு, மேலும் கணினி’ என்று முழங்கப்படும் காலத்தில், ஒரு புதிய திசையில் வைத்த ஒரு சுருள் சாதித்ததை எனக்கு அடிக்கடி நினைத்துக்கொள்ளத் தோன்றும்.

மூன்றாவது கேள்வியான ஓட்டத்துக்கு மிக அருகில் செல்வது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவியின் இயற்பியலேதான், ஆனால் அங்கே உடல் காந்தத்துக்குள் செல்கிறது, இங்கே காந்தம் துளைக்குள் சென்று தனக்கு வெளியே உள்ள பாறையை அளக்க வேண்டும். நிலைக்காந்தமும் ரேடியோ அலைத் துடிப்பும் கொண்ட இவ்வகைக் கருவிகள் 1990-களில் பரவலாயின. துடிப்பால் ஒருங்கிணைந்து சுழலும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள், பாறைப் பருக்கையின் பரப்போடு அடிக்கடி உரச நேர்ந்தால் விரைவில் ஒருங்கிணைப்பை இழக்கும். சிறிய துளையில் உள்ள நீர் சில மில்லி வினாடிகளிலும், பெரிய துளையில் உள்ளது நூற்றுக்கணக்கான மில்லி வினாடிகளிலும் தேயும். மணற்கற்களில் 33 மில்லி வினாடி என்பதை வழக்கமான எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்குக் கீழ் தேய்வது அசையாத நீர், மேல் தேய்வது ஓடக்கூடிய நீர்மம் என்று பிரிக்கிறார்கள். இந்த எல்லைக்கோடு பாறைக்குப் பாறை மாறினாலும், இக்கருவி தரும் மொத்த நுண்துளைப் பங்குக்குப் பாறையின் கனிமம் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. குறையும் உண்டு: இது எட்டுவது சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டுமே, சேற்று நீர் புகுந்த பகுதியும் அதுவே.

கதிரியக்க மூலங்களைப் பற்றிப் பொதுவாகக் கட்டுரைகள் பேசுவதில்லை. நியூட்ரான் கருவியில் பயன்படும் அமெரிசியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 432 ஆண்டுகள். கருவி துளைக்குள் சிக்கி மீட்க முடியாமற்போனால், அதைச் சிமென்டால் மூடி, அங்கே மறுபடி யாரும் துளையிடாதபடி கிணற்றின் தலைப்பில் நிலையான எச்சரிக்கைத் தகடு பொருத்த வேண்டும். இந்த இடரைத் தவிர்க்கவே, ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் இணைத்து 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான்களை உண்டாக்கும் மின் கருவிகள் புகுந்தன. மின்சாரத்தை நிறுத்தினால் நியூட்ரான் வெளிப்படுவதும் நின்றுவிடும். இவை எஃகுக் குழாய் பதித்த பழைய கிணறுகளிலும், குழாய்க்கு அப்பாலுள்ள கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, எண்ணெய் எஞ்சியிருக்கிறதா என்று கூறவல்லவை. கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் செலுத்திச் சேமிக்கும் இடங்களில், அது எந்த அடுக்கில் தங்கியுள்ளது என்று கண்காணிக்கவும் துடிப்பு நியூட்ரான் கருவிகளே பயன்படுகின்றன.

கருவியை இறக்கி இழுக்காமலே, கிணற்றோடு ஓர் ஒளியிழையை நிலையாகப் பதித்துவிடும் வழியும் பரவிவருகிறது. லேசர் துடிப்பு இழையினூடே செல்லும்போது ஒவ்வோர் இடத்திலிருந்தும் சிறிதளவு ஒளி திரும்பிச் சிதறுகிறது. ராமன் சிதறலின் வலிமையிலிருந்து வெப்பநிலையையும், ரேலே சிதறலின் மாற்றத்திலிருந்து அதிர்வையும் அறியலாம். கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் இழை முழுவதுமே உணரியாகிவிடுகிறது. ஆனால் அது தன் நீளவாக்கில் ஏற்படும் நீட்சியை மட்டுமே உணர்வதால், பக்கவாட்டில் செங்குத்தாக வந்து மோதும் ஒலியலைக்கு ஏறக்குறையச் செவிடாகவே இருக்கும்.

இவை அனைத்துக்கும் கடுஞ்சோதனையாக அமைவது வெப்பம். சாதாரணக் கிணற்றுக் கருவிகளின் மின்னணுப் பகுதிகள் ஏறத்தாழ 175 பாகை செல்சியஸ் வரையே தாங்கும். வெற்றிடச் சுவர் கொண்ட உறைக்குள் வைத்தால் 260 பாகைச் சூழலிலும் சில மணி நேரம் உழைக்கும். புவிவெப்பத் தேடலோ அதையும் தாண்டுகிறது. ஐஸ்லாந்தின் ரேக்யனெஸ் பகுதியில் 2017-இல் 4,659 மீட்டர் ஆழத்தில் முடிக்கப்பட்ட கிணற்றின் அடியில் 426 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. துளையிடும்போது குளிர்ந்த நீர் இடைவிடாது செலுத்தப்பட்டிருந்ததால், அந்த எண்கூடப் பாறையின் உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவானதே. எண்ணெய்க் கிணறுகளிலும் இதே தொல்லை சிறிய அளவில் உண்டு. அங்கே கையாளும் வழி, சேற்றோட்டத்தை நிறுத்தியபின் குறிப்பிட்ட இடைவெளிகளில் வெப்பநிலையைப் பலமுறை அளந்து, அது ஏறிவரும் போக்கைக் கணித வழியில் நீட்டி, துளையே இடப்படாதிருந்தால் அந்தப் பாறை எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று மதிப்பிடுவதாகும்.